முட்டுக்கட்டை போடுபவர் யார்?

(திருவிழாப் பணிகளின் தொடக்கமாக, ஆலயத் திருமண மண்டபத்தில் தொண்டர் குழுத் தலைவர்களுக்கு நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பணியிடத்தில் அனைவரையும் இணைத்துச் செல்லும் தலைமை” என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. செயலாளர் அவர்கள் தொலைபேசியில் அழைத்து இத்தலைப்பைச் சொன்னபோது நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அரசாங்கப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் நான், இதே தலைப்பில் எத்தனையோ பயிற்சிகளில் அமர்ந்திருக்கிறேன். சிலவற்றை நானே முன்னின்று நடத்தியும் இருக்கிறேன். அவற்றுட் பெரும்பாலானவை பயிற்சி மண்டபத்தின் வாசற்படியைத் தாண்டி அலுவலகத்திற்குள் வந்ததில்லை. அது ஏன் என்பதைப் பேச அனுமதித்தால் வருகிறேன் என்றேன். “அதைத்தான் ஐயா பேச வேண்டும்” என்றார். வந்துவிட்டேன்.

இத்தகைய உரையைத் திருக்குறளில் தொடங்குவது நம் மரபு. இன்று மட்டும் எனக்கு விலக்களியுங்கள். நான் பிரட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஆறாண்டுகள் படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில். 1980களின் இறுதி அது. விடியுமுன் பிரட்டுக்கு மணி அடிக்கும். லயத்துப் பெரியவர்கள் எல்லாரும் களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். தண்டல் பெயர் படிப்பார். கிராணி புத்தகத்தில் குறித்துக்கொள்வார். துரை சில நாள் வருவார், பல நாள் வரமாட்டார். என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளி விடுமுறையில் நானும் அவரோடு சென்று மங்கு துடைத்திருக்கிறேன். காண்டாவாளியின் ஒரு முனையைப் பிடித்துத் தடுமாறியிருக்கிறேன். இங்கு அமர்ந்திருப்போரில் பாதிப்பேருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் இரவெல்லாம் தூறல். காலையில் தூறல் நின்றிருந்தது. வானம் மட்டும் வெளுக்கவில்லை. மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிய கோட்டில் பால் நில்லாது. பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகும். வெட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கில் சேர்ந்ததும் கரைந்துபோகும். என் தாயார் முதல் மரத்தைத் தொட்டுப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பக்கத்து நிறையில் நின்ற பெண்ணிடம் தாழ்ந்த குரலில், “ரெண்டு மணி நேரம் பொறுத்தா தெரிஞ்சிரும்” என்றார். ஆனால் வெட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வெட்டினார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் மழை கொட்டியது. வடிகால் முழுதும் வெள்ளையாக ஓடியதை இன்றும் என் கண்ணில் காண்கிறேன். அன்றைக்கு யாருக்கும் முழுச் சம்பளம் இல்லை.

மாலையில், “தண்டல்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா” என்றேன். “அவரு கேட்டாரா?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நெடுநாள் வரை இக்கதையை நான், கேளாத தண்டலின் கதையாகவே மனத்தில் வைத்திருந்தேன். அன்று காலை நான் கண்ட மற்றொன்று பிற்காலத்தில்தான் நினைவுக்கு வந்தது. அந்தத் தண்டலும் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவரும் பல ஆண்டுகள் பால் வெட்டியவர்தாம். ஈரம் அவருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு மேலே கிராணி. கிராணிக்கு மேலே துரை. துரைக்கு மேலே எங்கோ ஓர் ஊரில் ஓர் அலுவலகம். அவரையும் யாரும் கேட்கவில்லை. நான் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்தத் தண்டலின் கையில் பட்ட ஈரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இது ஏதோ மேலைநாட்டு நாகரிகப் பேச்சு, கடுமையான வேலைக்கு ஒத்துவராது என்று கருதும் அன்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மேலாளர்களைக் கலந்து பணியாற்றப் பயிற்றுவிப்பதில் உலகில் மிக முனைப்பாக இருக்கும் துறைகளில் ஒன்று விமானத் துறை. ஓர் உத்தரவுக்கு மறுபேச்சே இருக்கலாகாது என்று நாம் நினைக்கும் இடம் அது. அங்கேதான் இப்பயிற்சி வேரூன்றியிருக்கிறது.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் பெருவிமானம் ஒன்று புறப்பட ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் இன்னும் விலகாமல் இருந்தது. கே.எல்.எம். விமானத்தின் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்நிறுவனத்தில் பிற விமானிகளுக்குப் பயிற்சியளித்து வந்த மூத்தவர் அவர். அவரிடம் இரண்டாம் முறை கேட்பவர் யார்? இரு விமானங்களும் மோதின. 583 உயிர்கள் போயின. மறு ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லந்து நகருக்கருகே யுனைட்டெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. சக்கரக் கோளாற்றில் தலைமை விமானியின் கவனம் முழுதும் மூழ்கியிருந்தது. எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும், அதை அவர் மனத்தில் பதியும்படி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 10 பேர் மாண்டனர்.

1979இல் நாசா நிறுவனம் இது குறித்து ஆய்வரங்கம் கூட்டியது. 1981இல் யுனைட்டெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதுவகைப் பயிற்சியைத் தொடங்கியது. தலைமை விமானி கேட்கப் பழக வேண்டும். துணை விமானி சொல்லப் பழக வேண்டும். சாரம் அவ்வளவுதான். மூத்த விமானிகள் பலர் இதை நயத்தக்க பேச்சுப் பழக்கும் பள்ளிக்கூடம் என்று கேலி செய்தார்களாம். நம் அலுவலகங்களிலும் அந்தக் கேலியை நான் கேட்டிருக்கிறேன்.

1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், அதே நிறுவனத்தின் விமானம் ஒன்றில், வானில் பறக்கும்போதே வால்பகுதி இயந்திரம் சிதறி, விமானத்தைத் திருப்புவதற்குரிய திரவ அழுத்த அமைப்புகள் மூன்றும் ஒருசேரப் பழுதாயின. அந்த நிலையை எப்படிச் சமாளிப்பது என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. தலைமை விமானி அல் ஹேன்ஸ் உடனிருந்தவர்களோடு கலந்து கலந்தே ஒவ்வொரு செயலையும் செய்தார். பயணிகளோடு அமர்ந்திருந்த விமானப் பயிற்றுநர் ஒருவர் உதவ முன்வந்தபோது அவரை உள்ளே அழைத்து, இயந்திர விசைகளை அவர் கையில் கொடுத்தார். சூ சிட்டி என்னும் நகரின் விமான நிலையத்தில் விமானம் தரையில் மோதி உடைந்தது. ஆயினும் அதில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். தாம் பெற்ற பயிற்சியே இதற்குப் பெரிதும் உதவியது என்று ஹேன்ஸ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். ஹேன்ஸ் வாக்கெடுப்பு நடத்தவில்லை. இறுதிவரை அவரே தலைமை விமானி, பொறுப்பு அவருடையது. கலந்து பணியாற்றுவது என்றால் தலைவன் தன் நாற்காலியை விட்டு இறங்கிவிடுவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். வேறு சிலர், பெரும்பாலும் வேலையில் சோம்பியவர்கள், அப்படித்தான் ஆக வேண்டும் என்று விரும்பவும் செய்கிறார்கள். இரண்டும் பிழை.

சரி, விமானிகளுக்குப் பலித்த பயிற்சி நம் மேலாளர்களுக்கு ஏன் பலிப்பதில்லை? இங்கேதான் ஒரு பழைய ஆய்வு எனக்குக் கண்திறந்தது. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் ஃபிளெய்ஷ்மன் என்னும் உளவியலறிஞர், இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற விவசாய இயந்திர நிறுவனத்தின் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களை ஆராய்ந்தார். அவர்களைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பித் தொழிலாளரின் மனமறிந்து நடத்தும் முறையைக் கற்பித்தார்கள். பயிற்சி முடிந்த நாளில் கேட்டுப் பார்த்தபோது அவர்களுடைய மனப்பாங்கு நல்லபடியாக மாறியிருந்தது. பயிற்றுநர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஃபிளெய்ஷ்மன் அத்தோடு நிறுத்தவில்லை. அவர்கள் தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகும் அவர்களுடைய நடத்தையை அளந்தார். கற்றது தங்கவில்லை. எந்த மேற்பார்வையாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நிர்ணயித்தது அவர் பெற்ற பயிற்சி அன்று. அவருக்கு மேலே இருந்த அதிகாரி அவரை எப்படி நடத்தினார் என்பதே. மேலதிகாரி கீழே உள்ளவர்களை மதிப்பவராக இருந்தால் இவரும் அவ்வாறே இருந்தார். மேலதிகாரி உருட்டி மிரட்டுபவராக இருந்தால் இவரும் பழைய உருட்டலுக்கே போனார்.

இதைப் படித்த இரவு எனக்கு அந்தத் தண்டலின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்ததாக என் முகமே நினைவுக்கு வந்தது. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஓர் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தேன். எந்த இலாகா என்பது இங்கு வேண்டாம். பொதுமக்கள் நாள்தோறும் வந்து மனுக் கொடுக்கும் இடம். அப்போதுதான் ஐந்து நாள் பயிற்சி ஒன்று முடித்து, சான்றிதழும் கோப்புமாகத் திரும்பியிருந்தேன். முகப்பிடங்களை மாற்றியமைத்து, எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே எண் சீட்டு என்று ஒரு திட்டம் வகுத்தேன். பயிற்சியில் கற்றபடி கூட்டம் கூட்டினேன். “அனைவரும் தாராளமாகக் கருத்துச் சொல்லலாம்” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனவே நானே நாற்பது நிமிடம் பேசினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். ஒருமனதாக முடிவாயிற்று என்று குறிப்பேட்டில் எழுதினோம்.

அந்த முகப்பில் என்னைவிடப் பத்து வயது மூத்த மலாய்ப் பெண்மணி ஒருவர் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வந்தார். நான் அவரைக் ‘காக்’ என்பேன். அவர் என்னைத் ‘துவான்’ என்பார். புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்த முதல் நாள், உட்பகுதியிலிருந்து பேருந்தில் வந்த முதியவர்கள் சிலர், நண்பகல் நெருங்கியும் எண் வராமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் போக வேண்டிய பேருந்து பதினொன்றரை மணிக்கே போய்விட்டது. அடுத்தது மாலையில்தான். பழைய முறையில் காக் அவர்களுடைய முகத்தைப் பார்த்தே முன்னால் அழைத்து அனுப்பிவிடுவாராம். யாருடைய விதியிலும் எழுதப்படாத ஒழுங்கு அது. என் ஒற்றை வரிசை அதை அழித்துவிட்டது. வயதான தம்பதியர் ஒருவரைக் காக் தம் மதிய உணவு வேளையில் தம் காரிலேயே கொண்டுபோய் வீட்டில் விட்டு வந்தார்.

மறுநாள் கேட்டேன்: “இது உங்களுக்கு முன்பே தெரியுமே காக், கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை?”

அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: “துவான் கேட்டீர்கள், உண்மைதான். ஆனால் கேட்கும்போதே திட்டம் பிளாஸ்டிக் உறை போட்டு மேசைமேல் இருந்ததே.”

ஐந்து நாள் பயிற்சியில் நான் கற்காததை அந்த ஒரு வாக்கியத்தில் கற்றேன். அதன்பின் எந்தத் திட்டத்தையும் பென்சிலால் எழுதியே கூட்டத்திற்குக் கொண்டுபோகிறேன். இது விளையாட்டாகத் தோன்றலாம். அச்சடித்த தாளைத் திருத்த நம்மவர்களுக்குக் கை வராது; பென்சில் எழுத்தென்றால் அழிப்பானை எடுத்துவிடுவார்கள். நான் கடைசியாகத்தான் பேசுவேன். “கருத்து உண்டா?” என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். கேரி கிளைன் என்னும் உளவியலறிஞர் 2007இல் எழுதிய கட்டுரையொன்றில் நல்ல வழி ஒன்றைக் காட்டுகிறார். திட்டம் தொடங்குமுன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்ல வேண்டும். தலைவரின் திட்டத்தைக் குறை கூறுவது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நம் ஆசிய மக்களுக்கு இது மிகவும் பொருந்துகிறது. குறை கூறச் சொன்னால் வாயடைத்துப்போகும் ஊழியர்கூட, கற்பனையான தோல்விக்குக் காரணம் கேட்டால் அரைப் பக்கம் எழுதித் தருகிறார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருந்தால் நான் இங்கு வந்திருக்க வேண்டியதில்லை. அதே திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை ஊழியர்களோடு அமர்ந்து திருத்துவதற்காக நான் இரண்டு வாரம் தள்ளிவைத்தேன். என் மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார். “அங்கே தலைவர் நீங்களா, அவர்களா?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பேன். அன்றிரவே நான் தனியாக உட்கார்ந்து திட்டத்தை முடித்துக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காக் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் பல மாதங்கள், நான் எவ்வளவு கேட்டாலும் அங்கு எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டும் வெட்டச் சொன்ன தண்டலாக நான் ஆகிவிட்டேன்.

அதைச் சரிசெய்ய நெடுநாள் ஆயிற்று; முழுதும் சரியாயிற்று என்று சொல்லமாட்டேன். பேருந்து நேரங்களையும் முகப்பின் நெரிசலையும் ஒரே தாளில் எழுதி, மேலதிகாரியிடம் கொண்டுபோய், வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒருமுறை வந்து நின்று பாருங்கள் என்று கேட்டேன். வந்தார். முக்கால் மணி நேரம் நின்றார். காக் அவருக்கு நாற்காலி போட்டார், உட்காரவில்லை. பேருந்தில் வருவோருக்குத் தனி நிறச் சீட்டு என்ற ஏற்பாடு அந்த வாரமே ஒப்புதல் பெற்றது. அதைவிடப் பெரிய மாற்றம் பின்னர் நேர்ந்தது. தம்முடைய மாதக் கூட்டங்களில் அவர் எங்களைப் பார்த்து, “முகப்பில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்கத் தொடங்கினார். நாங்கள் பதில் சொல்ல வேண்டுமானால் முகப்பில் இருப்பவர்களைக் கேட்டாக வேண்டும். மேலே ஒரே ஒரு கேள்வி மாறியது; கீழே பல வாய்கள் திறந்தன.

விமானிகளின் பயிற்சி ஏன் நிலைத்தது என்பதும் இதனால் விளங்குகிறது. ஒரு முறை ஐந்து நாள் பயின்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும் வேலை அங்கே இல்லை. விமானத்தைப் போன்றே அமைந்த பயிற்சிக் கூண்டில் குழுவாக அமர்த்தி, மீண்டும் மீண்டும் சோதிக்கிறார்கள். பயிற்சி தலைமை விமானிக்கு மட்டுமன்று. துணை விமானிக்கும் உண்டு. இருவரும் ஒன்றாகக் கற்றதை இருவரும் ஒன்றாகக் காப்பாற்றுகிறார்கள். நாமோ மேலாளரை மட்டும் தனியே ஒரு மலை விடுதிக்கு அனுப்பி, கயிறு இழுக்கவைத்து, பாட்டுப் பாடவைத்து, பழைய நாற்காலிக்கே திருப்பி அனுப்புகிறோம்.

நம் நாட்டு அரசாங்கப் பணியில் இத்தகைய முயற்சி இல்லாமலில்லை. 1980களின் கிழக்கு நோக்கும் கொள்கையின் காலத்தில் ஜப்பானிய முறைகளின் மேல் பெரும் நாட்டம் பிறந்தது. வேலையின் தரத்தை உயர்த்தும் சிறு குழுக்களை அமைக்க 1991இல் தனிச் சுற்றறிக்கையே வந்தது. பின்னாளில் அவை புத்தாக்கக் குழுக்கள் என்று பெயர் மாறின. கீழ்நிலை ஊழியர்கள் கூடித் தம் வேலையின் சிக்கலைத் தாமே ஆராய்ந்து தீர்ப்பது அருமையான ஏற்பாடு. நானும் இளம் அதிகாரியாக ஒரு குழுவில் இருந்தேன். எங்கள் குழுவுக்குச் சிக்கலை ஆராய்ந்ததைவிட, போட்டி மேடையில் அதை நடித்துக் காட்ட ஒத்திகை பார்த்த நாள்களே அதிகம். கேடயம் கிடைத்தது. சிக்கல் அப்படியே இருந்தது. எல்லாக் குழுவும் அப்படியென்று சொல்லமாட்டேன்; உண்மையாகவே பயன் தந்தவற்றையும் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் இலாகாத் தலைவர் நேரில் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வேறுபாடு அவ்வளவே.

இனி நம் தேருக்கு வருகிறேன்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று ஒற்றுமைக்கு உவமை சொல்லாத மேடை நம்மிடம் இல்லை. வடம் பிடிப்பவர்களையே எல்லாரும் பாடுகிறோம். தமிழகத்தின் பெருந்தேர்களைக் கண்டவர்களுக்குத் தெரியும். திருவாரூர்த் தேர் போன்ற பெரிய தேர்களில், சக்கரத்திற்கருகே குனிந்தபடியே நடந்து, முட்டுக்கட்டையைத் தக்க தருணத்தில் செருகித் தேரைத் திருப்புபவர்களும் நிறுத்துபவர்களும் தனியே உண்டு. ஆயிரம் பேர் இழுக்கும் தேரை அவர்கள் கையிலுள்ள கட்டை நிறுத்துகிறது. அவர்கள் இல்லையேல் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும். ஆனால் நம் பேச்சுவழக்கில் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பது என்ன ஆயிற்று? வசைச்சொல் ஆயிற்று. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “இது சரிவராதே ஐயா” என்றால், உடனே அவருக்கு அந்தப் பட்டம்தான்.

டொயோத்தா நிறுவனம் இதற்கு நேர்மாறாகச் செய்தது. அதன் தொழிற்சாலைகளில் வேலைத் தளத்தின் மேலே ஒரு கயிறு ஓடும். பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே ஓடி வருவார். அங்கேயே தீராவிட்டால் வரிசை நிற்கும். 1984இல் அது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. இரண்டாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட அதே கட்டடம். பெரும்பாலும் அதே தொழிலாளர்கள். சண்டைக்கும் வேலைக்கு வராமைக்கும் பெயர்போனவர்கள் என்று தூற்றப்பட்டவர்கள். குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளித்தார்கள். கயிறு இழுத்தவனைத் திட்டாமல் ஓடிப்போய் உதவுவது எப்படி என்பதையே அவர்கள் அங்கு கண்ணால் கண்டார்கள். குறுகிய காலத்திலேயே அந்தத் தொழிற்சாலையின் கார்கள் தரத்தில் பெயர் பெற்றன. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்றத் தொழிற்சாலைகளிலும் கயிறு கட்டிப் பார்த்தது. பல இடங்களில் பயன் விளையவில்லை. கயிறு வாங்குவது எளிது. இழுத்தவனுக்கு என்ன நடக்கும் என்பது மேலே இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

அன்பர்களே, இவ்வளவும் பேசிவிட்டுச் சென்ற ஆண்டுத் திருவிழாவைப் பேசாமற்போனால் அது நேர்மையாகாது. இரவு பத்து மணிக்கு ஆலயம் திரும்ப வேண்டிய தேர், தாழத் தொங்கிய ஒரு கம்பிவடத்தின் கீழே ஒன்றரை மணி நேரம் நின்றது. பால்குடம் எடுத்த தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு சாலையோரம் காத்திருந்தார்கள். வழித்தடக் குழுவின் பொறுப்பாளன் நான். இரண்டு மாதங்களுக்கு முன்பு காரில் அந்த வழியே போய்ப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தவன் நான். பிறகுதான் தெரிந்தது. நம் காலணிப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் ஒரு தம்பி, பகலெல்லாம் அதே வழியில் மோட்டார் சைக்கிளில் பொருள் விநியோகம் செய்பவர். புதிய கம்பிவடம் இழுத்திருப்பதை மூன்று வாரம் முன்பே கண்டிருக்கிறார். தம் பிரிவுத் தலைவரிடம் சொல்லியும் இருக்கிறார். “பெரியவங்க பார்த்துக்குவாங்க தம்பி” என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அந்தப் பிரிவுத் தலைவரை நான் குறை கூறவில்லை. அவர் என்னிடம் வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வழித்தடம் உறுதியாகிவிட்டது, காவல்துறைக்குக் கடிதம் போய்விட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். அதாவது, பிளாஸ்டிக் உறை.

ஆதலால் தலைவர் அவர்களிடம் இச்சபையில் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்தப் பயிலரங்கு குழுத் தலைவர்களுக்கு மட்டும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அடுத்த அமர்வில் செயற்குழுவினரும் இவர்களோடு பாயில் அமர வேண்டும். திருவிழா முடிந்த வாரத்திலேயே ஒரு கூட்டம் வைத்து, அதில் அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கிய தாய்மார்களும் காலணிப் பிரிவு இளைஞர்களும் முதலில் பேச, நாங்கள் இறுதியில் பேச வேண்டும். எவரேனும் ஒருவர் வந்து, “இதை நிறுத்துங்கள்” என்று சொன்னால், அவர் சொன்னது பிழையாகவே இருந்தாலும், தலைவர் அவர்கள் நாலு பேர் அறிய அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தலைவர் ஒருமுறை செய்தால் போதும். குழுத் தலைவர்கள் பிறகு தாமே செய்வார்கள். தலைவர் தலையசைக்கிறார். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பென்சிலில் வேண்டாம், இதை மட்டும் மையினால் எழுதலாம்.

அந்தத் தம்பி இன்று இங்கு வந்திருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவருடைய மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் அமர்ந்து இவ்வாண்டின் வழித்தடம் முழுவதையும் பார்த்து வந்தேன். தலைக்கவசத்திற்குள் எனக்கு மூச்சு முட்டியது. அவருக்குப் பொறுமை மிகுதி. நான்கு இடங்களில் வண்டியை நிறுத்திக் காட்டினார். அவற்றுள் ஓரிடத்தை நான் பல ஆண்டுகளாகக் கடந்து போய்வருகிறேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த நான்கு இடங்கள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே இப்பொழுது உங்களுக்குச் சொல்வார். வழித்தட வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வாருங்கள் தம்பி, ஒலிவாங்கியைப் பிடியுங்கள்.